மழைக்கால வாடையும் குழந்தை இருக்கும் வீடும்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் ரங்கூன் தாமுவேயில் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் இருக்கிறோம். நான், வீட்டுக்காரர், மாமியார், ஆறு வயதுப் பையன், எட்டு மாதக் கைக்குழந்தை. மழை பிடித்ததிலிருந்து வீடு முழுக்க ஈர வாடை. துணி ஹாலில்தான் காய்கிறது. மாமியாருக்கு ஙப்பி (புளிக்க வைத்த மீன் விழுது) இல்லாமல் சோறு இறங்காது, அந்த வாடை வேறு. கடையில் வாங்கிய ஸ்ப்ரேயை அடித்தால் பையனுக்கு மூச்சு இழுப்பு வருகிறது. அதனால் வீடியோ பார்த்து நானே சில வாசனைப் பொருட்கள் செய்தேன். கடற்பாசி காய்ச்சி, பச்சை நிறம் போட்டு, யூகலிப்டஸ் தைலம் கலந்து சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் உறைய வைத்திருக்கிறேன். ஸ்பிரிட்டில் எலுமிச்சை எண்ணெய் கலந்து ஒரு ஸ்ப்ரே பாட்டில். பாச்சை உருண்டையும் கற்பூரமும் பொடித்துத் துணியில் முடிந்து குழந்தையின் துணி அலமாரியில் போட்டிருக்கிறேன். சாயந்திரம் குளிப்பாட்டியதும் மாமியார் சாம்பிராணி போட்டுக் குழந்தை தலைக்குப் புகை காட்டுவார். எல்லாம் வீட்டில் செய்ததுதானே? பயப்பட ஏதாவது இருக்கிறதா? — ஒரு தாய்

பதில்: தங்கச்சி, மற்றதைப் பிறகு படிக்கலாம். முதலில் எழுந்து போய் அந்தத் துணி முடிச்சை அலமாரியிலிருந்து எடுங்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி வீட்டுக்கு வெளியே கொண்டுபோங்கள். அலமாரியில் இருந்த குழந்தைத் துணி, போர்வை, தொப்பி எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் துவைத்து, வாடை முழுதும் போகும் வரை காற்றில் உலர்த்துங்கள். அதுவரை குழந்தைக்கு வேறு துணி போடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்று சொல்கிறேன். பாச்சை உருண்டை, ரசகற்பூரம் என்று நாம் சொல்கிற வெள்ளை உருண்டைகளில் பெரும்பாலும் இருப்பது நாப்தலீன். அது திடப்பொருளாக இருந்தே நேராக ஆவியாகி, துணிக்குள் புகுந்து உட்காரும். அந்தத் துணியைச் சுற்றிய குழந்தை அதை மூச்சிலும் தோலிலும் வாங்கும். எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவு கெடுதல் என்றில்லை. ஆனால் ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. பர்மாவில் இந்தக் குறை அபூர்வமல்ல. மலேரியாவுக்குப் பிரிமாகுவின் மாத்திரை கொடுக்கும் முன் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்களே, அது இதைத் தெரிந்துகொள்ளத்தான். தாய்வழியாக வருவதால் ஆண் குழந்தைகளிடம் அதிகம் தெரியும். இந்தக் குறை இருக்கிற குழந்தைக்கு நாப்தலீன் உடம்பில் ஏறினால் சிவப்பணுக்கள் மடமடவென்று உடையும். கண் மஞ்சளாகும், உதடு வெளுக்கும், சிறுநீர் பால் சேர்க்காத டீயின் நிறத்தில் போகும். பச்சைக் குழந்தைகளுக்கு மஞ்சள் ஏறினால் மூளையையே பாதிக்கும்.

நான் மருத்துவம் படித்து முடித்த புதிதில் இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தேன். பன்னிரண்டு நாள் குழந்தை. மூத்த பிள்ளையின் துணிகளைப் பெட்டியில் பாச்சை உருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருந்த பாட்டி, அதையே எடுத்துப் புதுப் பிள்ளைக்குப் போட்டிருந்தார். ரத்தம் ஏற்றிக் காப்பாற்றினோம். வாசலில் உட்கார்ந்து அந்தப் பாட்டி அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அவர் மேல் என்ன தப்பு? யாரும் சொல்லவில்லை. அதனால்தான் நான் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் குழந்தைக்கு அந்த அடையாளங்களில் ஏதாவது தெரிந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள். ஒன்றும் இல்லை என்றாலும், அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது ஜி-6-பி-டி சோதனையைப் பற்றிக் கேளுங்கள். ஒரு தடவை பார்த்து எழுதி வைத்தால் ஆயுளுக்கும் உதவும்.

கற்பூரமும் அதே மாதிரிதான். சாமிக்கு ஏற்றுவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, கற்பூரத் தட்டு இல்லாமல் நமக்குக் கும்பிட்ட மாதிரி இருக்காது. ஆனால் அது குழந்தை வாய்க்குப் போகக் கூடாத பொருள். சின்னக் குழந்தைக்கு ஒரு கிராம் அளவே உயிருக்கு ஆபத்து. விழுங்கிய சில நிமிடங்களிலேயே வலிப்பு வந்துவிடலாம். வெள்ளை வில்லை, பார்க்க மிட்டாய் போலவே இருக்கும். தவழ ஆரம்பிக்கிற குழந்தை இருக்கும் வீட்டில் கற்பூர டப்பா சாமி மேடையின் கீழ்த்தட்டில் இருக்கவே கூடாது.

உருண்டை எது, கற்பூரம் எது என்று சந்தேகம் வந்தால் ஒரு வழி இருக்கிறது. ஒரு கிளாஸ் தண்ணீரில் போடுங்கள். கற்பூரம் மிதக்கும், நாப்தலீன் மூழ்கும். அதே தண்ணீரில் இனிமேல் கரையாது என்கிற வரை உப்பைக் கலக்குங்கள். இப்போது நாப்தலீனும் மேலே வந்துவிடும். உப்புத் தண்ணீரிலும் அடியிலேயே கிடந்தால் அது கக்கூசில் மாட்டுகிற வேறு ரக உருண்டை, பாராடைக்ளோரோபென்சீன் என்று பெயர். அதுவும் குழந்தை அறைக்கு ஆகாது. பார்த்து முடித்ததும் கிளாஸைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், குடிக்கிற பாத்திரத்தில் செய்ய வேண்டாம்.

சரி, அடுத்தது அந்தப் பச்சைக் கிண்ணங்கள். இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. கடற்பாசி என்றால் இந்த ஊர்க் குழந்தைக்கு என்ன? கலியாண வீட்டிலும் தீபாவளிக்கும் மேலே தேங்காய்ப்பால் அடுக்கோடு தட்டில் வருகிற தித்திப்பு. அதே கடற்பாசியை, அதே பச்சை நிறத்தில், அதே கண்ணாடிக் கிண்ணத்தில் உறைய வைத்துப் பையன் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்துவிட்டு, இது சாப்பிடக் கூடாது என்று அவனுக்கு எப்படிப் புரியவைப்பீர்கள்? யூகலிப்டஸ் தைலம் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, உள்ளே போனாலே சின்னப் பிள்ளை மயக்கமாகிவிடலாம். இருமலில் புரையேறி நுரையீரலுக்குள் போனால் அது தனி ஆபத்து. எத்தனை சொட்டு விட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எத்தனையாக இருந்தாலும் இன்றைக்கே அள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கிண்ணங்களை மறுபடி சாப்பாட்டுக்கு எடுக்க வேண்டாம்.

எப்போதாவது ஒரு பிள்ளை இப்படி எண்ணெயோ கற்பூரமோ விழுங்கிவிட்டால் தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். வெளியே வரும்போது நுரையீரலுக்குள் போவதுதான் அதிகக் கெடுதல். வாயைத் துடைத்துவிட்டு, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பாட்டிலைப் பார்த்தால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

ஸ்பிரிட் ஸ்ப்ரேக்கு வருகிறேன். ஆரஞ்சுத் தோலை மெழுகுவத்திக்கு நேரே மடித்துப் பிழிந்து பார்த்திருக்கிறீர்களா? சின்ன வயதில் நாங்கள் செய்வோம். சுர்ரென்று பொறி பறக்கும். தோலில் இருக்கிற எண்ணெய்தான் அப்படி எரிகிறது. நீங்கள் அந்த எண்ணெயை, எளிதில் தீப்பற்றும் ஸ்பிரிட்டில் கலந்து, பூந்துளியாக அடிக்கிறீர்கள். கரண்ட் எந்த நேரம் போகும் என்று தெரியாத ஊரில், மெழுகுவத்தியும் கொசுவத்தியும் சாமி விளக்கும் எரிகிற வீட்டில் அது வேண்டவே வேண்டாம். இன்னொன்று, ஸ்பிரிட் என்று கடையில் தருவது எல்லாம் ஒன்றல்ல. அடுப்புக்கும் பாலிஷுக்கும் விற்கிற ஸ்பிரிட்டில் மெத்தனால் இருக்கும். அது கண்பார்வையைப் பறிக்கிற விஷம். மூடிய அறையில் அதை அடித்து மூச்சில் வாங்குவதும் சரியில்லை.

'எலுமிச்சைதானே, இயற்கைதானே' என்று நீங்கள் நினைக்கலாம். இழுப்பு வருகிற பையனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெயில் இருக்கும் லிமோனீன் காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடும் மிக நுண்ணிய துகள்களும் உண்டாகும். இரண்டும் மூச்சுக் குழாயை எரிச்சலூட்டும். கடையில் வாங்கிய டப்பாவிலிருந்து வந்தாலும் உங்கள் பாட்டிலிலிருந்து வந்தாலும் அவனுடைய நெஞ்சு ஒரே மாதிரிதான் இறுகும். அதனால் உங்கள் வீட்டுக்கு எந்த ஸ்ப்ரேயும் வேண்டாம் என்பதே என் முடிவு.

இதைப் படிக்கிற வேறு யாராவது, இழுப்பு வியாதியும் கைக்குழந்தையும் இல்லாத வீட்டில், கக்கூசுக்கு மட்டும் ஒன்று செய்துகொள்ள ஆசைப்பட்டால் அளவைச் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடையில் மெத்தனால் கலக்காத 70 சதவீத எத்தனால் என்று கேட்டு வாங்கி, 20 மில்லி எடுங்கள். அதில் 10 சொட்டு எண்ணெய் விட்டுக் குலுக்கி, காய்ச்சி ஆறிய தண்ணீர் 80 மில்லி சேருங்கள். அதற்கு மேல் எண்ணெய் வேண்டாம். கலங்கலாகத்தான் இருக்கும், ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் அடிக்க வேண்டும். வெறும் தண்ணீரில் எண்ணெய் கரையாது. மேலே மிதந்து, ஒரு நேரம் ஒன்றும் வராது, இன்னொரு நேரம் சுத்த எண்ணெயாகவே கையில் தெறித்துத் தோல் கன்றும். பாட்டிலில் என்ன, என்றைக்குச் செய்தது என்று எழுதி ஒட்டி, உயரத்தில் வையுங்கள். இரண்டு வாரத்தில் கொட்டிவிடுங்கள். நெருப்புக்குப் பக்கத்தில் இதையும் அடிக்கக் கூடாது.

சாம்பிராணி விஷயம் கொஞ்சம் நுட்பமானது, மாமியார் மனசும் இருக்கிறது. எனக்கும் என் அம்மா அப்படித்தான் புகை போட்டார். ஆனால் அந்த வீடு ஓலைக் கூரையும் நாலு பக்கம் சந்துமாக இருந்தது. உங்கள் ஃப்ளாட்டோ முன்னால் ஒரு ஜன்னல், பின்னால் ஒரு கதவு, நடுவில் ரயில் பெட்டி போல நீளமான அறை. மழைக்கு இரண்டையும் மூடிவிட்டுக் கரித்தணலை உள்ளே வைத்தால் புகை மட்டுமல்ல, கார்பன் மோனாக்சைடும் சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. சாம்பிராணி மணம் அடங்கிய பிறகும் தணல் கனன்றுகொண்டிருக்கும் வரை அது வந்துகொண்டே இருக்கும். எட்டு மாதக் குழந்தையின் முகத்தைத் தணலுக்கு நேரே பிடிப்பதும், இழுப்புக்காரப் பையன் அதே அறையில் இருப்பதும் நிறுத்தப்பட வேண்டும். தலை ஈரத்துக்குப் பருத்தித் துண்டு போதும். மாமியாரிடம், 'டாக்டர் வேண்டாம் என்கிறார்' என்று என் பேரைச் சொல்லுங்கள், சண்டை உங்களுக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை சாமிக்குப் போடட்டும். முன் ஜன்னலும் பின் கதவும் திறந்திருக்க, பிள்ளைகள் வேறு இடத்தில் இருக்க, முடிந்ததும் தணலைப் பால்கனிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் தெளித்து அணைத்துவிட வேண்டும்.

இனி உங்கள் வாடைக்கு வருவோம். வீட்டில் இரண்டு வாடை இருக்கிறது, இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஙப்பி, கருவாடு, இறால் எல்லாவற்றிலும் மூக்கைத் துளைப்பது அமீன் என்கிற காரவகைப் பொருள் (மிளகாய்க் காரம் அல்ல, சுண்ணாம்பு மாதிரிப் புளிப்புக்கு எதிரான காரம்). காரத்தைப் புளிப்பு அடக்கும். புளிப்புப் பட்டதும் அது உப்பாக மாறி, ஆவியாகப் பறக்காமல் அங்கேயே தங்கிவிடும். மீன் கழுவிய கைக்கு எலுமிச்சை தேய்ப்பதும், மீன் குழம்புக்குப் புளி விடுவதும் நம் பெரியவர்கள் கண்டுபிடித்த இதே கணக்குதான். அதனால் ஙப்பி தாளித்த அன்று அடுப்பு மேடை, அடுப்புக்குப் பின் சுவர், வெட்டுப் பலகை மூன்றையும் முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். அப்புறம் ஒரு பங்கு வினிகருக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து துடையுங்கள். பிசுக்குக்குள் வாடை ஒளிந்திருக்கும்போது மேலே வினிகர் தடவிப் பயனில்லை, வரிசை முக்கியம். ஃபேன் இறக்கைகளையும் பாருங்கள், மாமியார் பலாச்சாங் (காய்ந்த இறால் தொக்கு) வறுக்கிற எண்ணெய்ப் புகை அங்கேதான் படிகிறது. ஙப்பிச் சட்டிக்கு இறுக மூடுகிற கண்ணாடி ஜாடி ஒன்று வாங்கிக் கொடுங்கள், மாமியாரும் சந்தோஷப்படுவார். சோடா மாவைக் கிண்ணத்தில் வைத்தால் வாடை போகும் என்று வீடியோக்களில் சொல்வார்கள். சோடா மாவு தானே காரம், மீன் வாடைக்கு அது உதவாது. பையனின் பள்ளிக்கூட ஷூவுக்குள் ராத்திரி ஒரு ஸ்பூன் தூவிக் காலையில் தட்டிவிடுங்கள், வியர்வைப் புளிப்புக்கு அது நல்லது.

ஒரு எச்சரிக்கை: வினிகரோ எலுமிச்சையோ கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டோ, எதையும் ப்ளீச்சோடு சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். சின்னக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு கழுவியவர்கள் மூச்சு முட்டி விழுந்திருக்கிறார்கள். ஒன்றைப் போட்டால் நன்றாகத் தண்ணீர் ஊற்றி அலசிவிட்டு, வேறொரு நாள் மற்றதை எடுங்கள்.

ஈர வாடை என்பது பூஞ்சை. பையனின் இழுப்புக்கு ஸ்ப்ரேயை விட அதுதான் பெரிய காரணமாக இருக்கக்கூடும் என்று நான் சந்தேகப்படுகிறேன். ரங்கூனில் வருடத்துக்கு 2,700 மில்லிமீட்டர் அளவில் மழை, அதில் பெரும்பகுதி வைகாசி முதல் ஐப்பசிக்குள் கொட்டிவிடும். காற்றே ஈரமாக இருக்கிற மாதங்களில், பிழிந்த துணியையும் ஹாலில் கட்டினால் அந்தத் தண்ணீர் எல்லாம் உங்கள் சுவருக்கும் மெத்தைக்கும்தான் போகும். ஒரு நாள் பிழிந்த துணியைத் தராசில் வைத்துவிட்டு, காய்ந்த பிறகு மறுபடி வைத்துப் பாருங்கள். குறைந்த எடை அத்தனையும் நீங்கள் மூச்சு வாங்குகிற காற்றில் கலந்த தண்ணீர். கொடியைப் பின் கதவுப் பக்கம் மாற்றுங்கள். கரண்ட் இருக்கிற நேரத்தில் ஃபேன் காற்று துணியில் பட்டு வெளியே போகிற மாதிரி திருப்பி வையுங்கள். மழை விட்ட அரை மணியில் முன்னும் பின்னும் திறந்துவிடுங்கள்.

அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் நகர்த்திப் பின்னால் எட்டிப் பாருங்கள். அங்கே கறுப்புப் புள்ளி புள்ளியாக இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். முகத்தில் மாஸ்க் போட்டு, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். உலர்ந்த விளக்குமாற்றால் தட்டாதீர்கள், பூஞ்சையின் விதைத்துகள் வீடு முழுக்கப் பறக்கும். துடைத்ததும் நன்றாகக் காய விடுங்கள். வீட்டு உரிமையாளர் அனுமதித்தால் மழை முடிந்ததும் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது நல்லது, சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்காது. சுவருக்குள்ளிருந்து நீர் கசிகிறது என்றால் எதைத் துடைத்தும் பயனில்லை, குழாயைத்தான் பார்க்க வேண்டும்.

அலமாரிக்குள் பாச்சை உருண்டைக்குப் பதிலாக அடுப்புக்கரித் துண்டுகளைப் பழைய துணியில் தைத்து வையுங்கள். பற்ற வைக்காத கரி, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வாடையைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். வெயில் அடிக்கிற நாளில் வெளியே காய வைத்து மறுபடி வைக்கலாம். அதிசயம் எதிர்பார்க்காதீர்கள், துணி முழுதும் காய்ந்த பிறகு மடித்து வைப்பதுதான் அலமாரிக்குப் பெரிய உதவி.

இத்தனைக்கும் பிறகு வீடு மணக்க வேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயமானது. அதற்கு நான் என் வீட்டிலேயே செய்கிற ஒன்றைத் தருகிறேன். எலுமிச்சைப்புல் இரண்டு தண்டை அம்மிக்கல்லால் நசுக்கி முடிச்சுப் போட்டு, ஒரு எலுமிச்சம்பழத் தோல், ஒரு பட்டை, நாலு கிராம்பு சேர்த்து அரை லிட்டர் தண்ணீரில் சின்னத் தீயில் கால் மணி நேரம். அவ்வளவுதான். மணம் முதலில் புல்லாக வந்து, பிறகு பட்டையாக மாறும். அடுப்பை விட்டு நகராதீர்கள், தண்ணீர் வற்றிப் பிடித்தால் புகைதான் மிஞ்சும். அன்றைக்கே கொட்டிவிடுங்கள், தோல் ஊறிய தண்ணீர் அடுத்த நாளே கெட ஆரம்பிக்கும். முதல் தடவை பையன் பள்ளிக்கூடம் போயிருக்கும்போது செய்யுங்கள். அவன் வந்த பிறகு இருமலோ விசில் சத்தமோ இருந்தால் இதையும் விட்டுவிடுங்கள். சிக்னலில் கார் ஜன்னலுக்குள் நீட்டுகிறார்களே மல்லிகைச் சரம், அது சாமி படத்துக்கு ஒன்று போதும், அதற்கும் இதே சோதனைதான்.

கடைசியாகப் பையன். வாசனைப் பொருளுக்கு இழுப்பு வருகிறது என்று போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் பெரிய வரி. ராத்திரி இருமி எழுகிறானா, ஓடினால் மூச்சு வாங்குகிறதா, மழைக்காலத்தில் கூடுகிறதா என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். அந்த நோட்டோடு ஒரு குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ஆஸ்துமா என்றால் அதற்கு நல்ல மருந்து இருக்கிறது, வாயில் வைத்து இழுக்கிற பம்ப் என்றால் பயப்பட வேண்டாம். பேசும்போதே மூச்சுக்குத் தவித்தால், விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தால், உதடு நீலம் பாரித்தால் நோட்டு எல்லாம் வேண்டாம், அந்த நேரமே ஆஸ்பத்திரி.

அப்புறம், கிண்ணங்களைக் கொட்டினால் பையன் கேட்பான். ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப்பால் விட்டு நிஜமான கடற்பாசி காய்ச்சி அவனுக்குக் கொடுங்கள்.